ஒரே வைரம், ரெண்டு நாடு



ஒரு சின்ன விளையாட்டோட ஆரம்பிக்கலாம். வருஷம் 1966 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆப்பிரிக்காவில் இரண்டு நாடுகளைக் காட்டி, "அடுத்த முப்பது வருஷத்தில் எது முன்னேறும்?" என்று உங்களிடம் கேட்கிறார்கள். நீங்க பந்தயம் கட்டணும். தகவல் இதுதான்.

முதல் நாடு சியரா லியோன். மேற்கு ஆப்பிரிக்காவில், அட்லாண்டிக் கடலோரம் இருக்கிறது. தலைநகர் ஃப்ரீடவுனில் அருமையான இயற்கைத் துறைமுகம். அங்கே ஃபூரா பே கல்லூரி 1827-லேயே தொடங்கிவிட்டது. துறைமுகத்திலிருந்து உள்நாட்டுக்கு ரயில் பாதை இருக்கிறது. நல்ல மழை. 1930-லேயே வைரம் கண்டுபிடித்தாச்சு. 1961-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலையும் வாங்கியாச்சு.

இரண்டாவது நாடு போட்ஸ்வானா. கடலே கிடையாது. நிலத்தின் பெரும்பகுதி கலஹாரி பாலைவனம். 1966-இல் விடுதலை கிடைத்தபோது நாடு முழுக்க சேர்த்து தார் ரோடு சுமார் 12 கிலோமீட்டர்தான். பட்டதாரிகள் 22 பேர். உயர்நிலைப் பள்ளி முடித்தவர்கள் 100 பேர். நம்ம ஒரு டிபார்ட்மென்ட்டில் வருஷா வருஷம் இதைவிட அதிகம் பேர் பாஸ் பண்றாங்க! பிரிட்டிஷ் காலத்தில் இந்தப் பகுதியின் தலைநகர்கூட நாட்டுக்குள் இல்லை. பக்கத்துத் தென்னாப்பிரிக்காவில் இருந்த மாஃபெகிங் நகரத்திலிருந்து நிர்வாகம் நடந்தது. தனிநபர் வருமானம் ஆண்டுக்குச் சுமார் 70 டாலர். போதாக்குறைக்கு அந்த வருஷங்களில் கடும் வறட்சி வேற.

யாரா இருந்தாலும் சியரா லியோன் மேலதான் பணம் கட்டியிருப்போம். கட்டியிருந்தா போச்சு.

1965 முதல் 1998 வரை போட்ஸ்வானாவின் தனிநபர் வருமானம் ஆண்டுக்குச் சராசரியாக 7.7% வளர்ந்தது. அந்தக் காலகட்டத்தில் உலகத்திலேயே வேகமான வளர்ச்சி அதுதான். சியரா லியோனில் 1991-இல் உள்நாட்டுப் போர் தொடங்கி 2002 வரை நீடித்தது. உலகின் மிக ஏழை நாடுகளின் பட்டியலில் அது போய்ச் சேர்ந்தது.

7.7% என்றால் என்ன என்று ஒரு கணக்கு போட்டுப் பார்த்துடலாம். கூட்டு வட்டி ஃபார்முலாதான். 1.077-ஐ 33 தடவை பெருக்கினால் சுமார் 11.5 வரும். அதாவது ஒரு தலைமுறைக்குள் வருமானம் 11 மடங்குக்கு மேல். அதே 33 வருஷம் 2% வளர்ந்திருந்தால் இரண்டு மடங்குகூட ஆகியிருக்காது. வளர்ச்சி விகிதத்தில் சின்னதாகத் தெரியும் வித்தியாசம், தாத்தாவுக்கும் பேரனுக்கும் நடுவில் எவ்ளோ பெரிய இடைவெளியாகிறது பாருங்க.

ஏன் இப்படி ஆச்சு? இதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

வழக்கமான பதில்கள்

ஹாஸ்டலில் நாடுகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே நாலு பதில் ரெடியாக இருக்கும். "இயற்கை வளம் இருந்தா முன்னேறலாம்." ஆனால் இரண்டு நாட்டிலும் வைரம் இருந்தது. "வெள்ளைக்காரன் கெடுத்துட்டுப் போயிட்டான்." இரண்டையும் ஆண்டது ஒரே பிரிட்டன்தான். "படிச்சவங்க இருக்கணும்." படித்தவர்கள் சியரா லியோனில்தான் அதிகம். "மக்கள் உழைக்கணும்." சேற்றில் இறங்கி நாள் முழுக்க வைரம் சலித்த சியரா லியோன் தொழிலாளியைப் பார்த்து உழைக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

ஐந்தாவது பதில்தான் நம்ம எல்லாருக்கும் பிடித்தது: "ஸ்ட்ராங்கா ஒரு தலைவர் வரணும், எல்லாம் சரியாயிடும்." இதைக் கொஞ்ச நேரம் ஓரமா வைப்போம். கடைசியில் இதற்குத்தான் வரப்போகிறோம்.

நிறுவனம் என்றால் கம்பெனி இல்ல

பொருளாதாரத்தில் இன்ஸ்டிட்யூஷன் என்று ஒரு சொல் அடிக்கடி வரும். தமிழில் "நிறுவனம்" என்று மொழிபெயர்ப்பார்கள். அதைக் கேட்டதும் நமக்குக் கேம்பஸுக்கு வரும் கம்பெனிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அர்த்தம் அது இல்லை. 1993-இல் நோபல் பரிசு பெற்ற டக்ளஸ் நார்த் இதை விளையாட்டின் விதிகளோடு ஒப்பிட்டார். சட்டம், நீதிமன்றம், சொத்துரிமை, தேர்தல் மாதிரி எழுதி வைத்த விதிகள் ஒரு பக்கம். வழக்கம், மரபு, "இப்படிச் செஞ்சா ஊர் ஒத்துக்காது" என்ற எழுதாத விதிகள் இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்ததுதான் இன்ஸ்டிட்யூஷன். இந்தக் கட்டுரையில் சுருக்கமாக "விதிகள்" என்றே சொல்கிறேன்.

விதிகளுக்கும் வளர்ச்சிக்கும் என்ன சம்பந்தம்? நமக்குத் தெரிந்த உதாரணம், இன்டர்னல் மார்க். மூணு டெஸ்ட்டில் பெஸ்ட் ரெண்டு எடுப்போம் என்று செமஸ்டர் தொடக்கத்தில் சொல்கிறார்கள். அதை நம்பி நீங்க படிக்கிறீங்க. டெஸ்ட் எல்லாம் முடிந்த பிறகு, "விதி மாறிடுச்சு, யாருக்கு எவ்வளவுன்னு நாங்களே முடிவு பண்ணுவோம்" என்றால்? அடுத்த செமஸ்டர் யாரும் புத்தகத்தைத் தொட மாட்டார்கள். மார்க் போடுகிறவரைக் காக்கா பிடிப்பதுதான் புத்திசாலித்தனம் என்றாகிவிடும். திறமை அதேதான், நேரமும் அதேதான். உழைப்பு போகிற திசை மட்டும் மாறிவிட்டது.

நாடும் அப்படித்தான். ஒரு விவசாயி இன்று மரம் நட வேண்டுமென்றால், பத்து வருஷம் கழித்து அந்தக் காய் தனக்குத்தான் என்ற நம்பிக்கை வேண்டும். டேரன் அசெமோக்லு, சைமன் ஜான்சன், ஜேம்ஸ் ராபின்சன் மூவரும் 2024-இல் நோபல் பரிசு வாங்கியது இந்த விஷயத்தில் செய்த ஆய்வுகளுக்காகத்தான். விதிகளை இரண்டு வகையாகப் பார்க்கலாம் என்பது அவர்கள் வாதம். பலருக்கும் இடம் கொடுத்து, அவரவர் உழைப்பின் பலனை அவரவருக்கே விடும் விதிகள் ஒரு வகை. பலருடைய உழைப்பைச் சிலர் உறிஞ்சுவதற்கென்றே அமைந்த சுரண்டல் விதிகள் இன்னொரு வகை. போட்ஸ்வானாவைப் பற்றி இந்த மூவரும் 2003-இல் தனியாக ஒரு ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள்.

சியரா லியோன்: வேலியே பயிரை மேய்ந்தது

1896-இல் உள்நாட்டுப் பகுதியைத் தன் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்த பிரிட்டன், அங்கங்கே இருந்த தலைவர்களைப் பெருந்தலைவர்களாக அங்கீகரித்தது. பதவி ஆயுள் முழுக்க. குறிப்பிட்ட சில குடும்பங்களுக்கு மட்டுமே அந்தத் தகுதி. மக்கள் பிடிக்கவில்லை என்றாலும் மாற்ற வழியில்லை, ஏனென்றால் அதிகாரம் கீழேயிருந்து வரவில்லை, மேலேயிருந்து வந்தது. வீட்டுக்கு வீடு வரி போட்டதை எதிர்த்து 1898-இல் கலகமே வெடித்தது. வைரம் கிடைத்தபோதும் இதே பாணிதான். ஒரே ஒரு கம்பெனிக்கு நாடு முழுக்க வைரம் எடுக்கும் உரிமையை 99 வருஷத்துக்குக் கொடுத்தார்கள்.

விடுதலைக்குப் பிறகு இந்த விதிகளை மாற்றியிருக்கலாம். ஆனால் நடந்தது வேறு. ஆளை மாற்றினார்கள், விதியை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

விவசாயிகளின் காபி, கோகோ, பனை விதையை வாங்க காலனி அரசு ஒரு சந்தை வாரியம் வைத்திருந்தது. விலை ஏறி இறங்கும்போது விவசாயியைக் காப்பாற்றுவதுதான் அதன் வேலை என்று பேர். நடைமுறையில், உலகச் சந்தை விலையைவிட மிகக் குறைவாக விவசாயிக்குக் கொடுத்துவிட்டு மீதியை அரசு எடுத்துக்கொண்டது. சுதந்திர அரசும் அதையே தொடர்ந்தது. 1968-இல் ஆட்சிக்கு வந்த சியாகா ஸ்டீவன்ஸ் காலத்தில் இது இன்னும் மோசமானது.

ரயில் கதை இன்னும் சுவாரசியம், கேட்டா வயிறு எரியும். ஃப்ரீடவுனிலிருந்து தெற்கே போ நகரம் வழியாகப் போன அந்த ரயில் நஷ்டத்தில் ஓடியது உண்மைதான். ஆனால் அந்தப் பாதை ஓடிய பகுதி எதிர்க்கட்சியின் கோட்டை. ரயிலை நிறுத்தியதோடு விடாமல் தண்டவாளத்தையும் பெயர்த்து விற்றார்கள். இனி யார் ஆட்சிக்கு வந்தாலும் மறுபடி ஓட்ட முடியாது. தனக்கு ஓட்டுப் போடாதவர்கள் பணக்காரர்களாவதை விட, நாடே ஏழையாக இருப்பது ஆட்சியாளருக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது என்பது அசெமோக்லு, ராபின்சன் இருவரின் விளக்கம்.

1971-இல் வைரத் தொழிலில் அரசு 51% பங்கை எடுத்துக்கொண்டது. நாட்டுடைமை என்று கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் கணக்கு கேட்க ஆள் இல்லை. 1978-இல் நாடு ஒரே கட்சி ஆட்சியாகவும் ஆனது. 1970-இல் 20 லட்சம் காரட்டுக்கு மேல் இருந்த அதிகாரபூர்வ வைர ஏற்றுமதி 1988-இல் வெறும் 48,000 காரட். வைரம் தீர்ந்துபோய்விடவில்லை. கணக்கில் வராமல் கடத்தலாகப் போனது. அதன் பிறகு வந்த போரில் அதே வைரம்தான் துப்பாக்கி வாங்கப் பயன்பட்டது.

போட்ஸ்வானா: தன் கையைத் தானே கட்டிக்கொண்டவர்

போட்ஸ்வானாவின் பெரும்பான்மை மக்களான ட்ஸ்வானா இனத்தவரிடம் "க்கோட்லா" என்ற ஊர்க்கூட்ட மரபு உண்டு. தலைவர் நடுவில் உட்கார, ஊர் ஆண்கள் சுற்றி உட்கார்ந்து பொது விஷயங்களைப் பேசுவார்கள். சாதாரண ஆள்கூட தலைவரை முகத்துக்கு நேராக விமர்சிக்கலாம். மக்கள் இருப்பதால்தான் தலைவன் தலைவன் என்று பொருள்படும் பழமொழியும் அவர்களிடம் உண்டு. பெண்களுக்கு ரொம்ப காலம் அங்கே இடமில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குறையுள்ள மரபுதான், ஆனாலும் தலைவரைக் கேள்வி கேட்கலாம் என்ற பழக்கத்தை அது உயிரோடு வைத்திருந்தது.

1895-இல் மூன்று ட்ஸ்வானா தலைவர்கள் கப்பல் ஏறி லண்டனுக்கே போனார்கள். தங்கள் நிலத்தைச் செசில் ரோட்ஸின் கம்பெனியிடம் ஒப்படைக்கக் கூடாது என்பது கோரிக்கை. அது பலித்தது. வைரம் இருப்பது அப்போது யாருக்கும் தெரியாததால் பிரிட்டனும் இந்தப் பாலைவனத்தைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. கண்டுகொள்ளாமல் விட்டதே அவர்களுக்கு நல்லதாகப் போயிற்று. உள்ளூர் மரபு உடையாமல் தப்பித்தது.

விடுதலையின்போது முதல் குடியரசுத் தலைவரானவர் செரெட்சே காமா. அவர் பமங்வாட்டோ என்ற பெரிய பழங்குடியின் தலைமை வாரிசு. அந்த நாட்டில் அதுவரை ஒரு நிலத்துக்கு அடியில் இருக்கும் கனிமம் அந்தந்தப் பழங்குடிக்குச் சொந்தம். 1967-இல் கனிமச் சட்டம் வந்தது: பூமிக்கு அடியில் இருப்பது எல்லாம் நாட்டுக்குச் சொந்தம். ஓராபா வைரச் சுரங்கம் கண்டுபிடிக்கப்பட்டது அதே 1967-இல்தான், அதுவும் காமாவின் சொந்த பமங்வாட்டோ நிலத்தில்! கண்டுபிடிப்பு வெளியே அறிவிக்கப்படுவதற்கு முன்பே சட்டத்தை மாற்ற ஏற்பாடு செய்துவிட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. பழைய விதிப்படி விட்டிருந்தால் உலகத்தின் மிகப்பெரிய வைரச் சுரங்கங்களில் ஒன்று அவருடைய பழங்குடியினர் கைக்குப் போயிருக்கும். மற்ற பழங்குடிகள் சும்மா இருந்திருப்பார்களா? சுரங்கத்தைப் பிடிக்க ஒவ்வொரு குழுவும் கிளம்பியிருக்கும். சியரா லியோனில் பின்னாடி நடந்தது அதுதான்.

1971-இல் ஓராபா உற்பத்தியைத் தொடங்கியது. டி பியர்ஸ் கம்பெனியுடனான கூட்டில் அரசின் பங்கு முதலில் 15%. 1975-இல் பேசி 50% ஆக்கினார்கள். வந்த வருமானம் சாலை, பள்ளி, மருத்துவமனை என்று பாராளுமன்றம் ஒப்புக்கொண்ட வளர்ச்சித் திட்டங்கள் வழியாகச் செலவானது. மிச்சத்தைச் சேமிக்க 1994-இல் "பூலா நிதி" என்று தனி நிதி உருவாக்கினார்கள். பூலா என்றால் அவர்கள் மொழியில் மழை. நாணயத்தின் பெயரும் அதுவே. பாலைவன நாட்டில் மழையைவிட மதிப்பான பெயர் வேறென்ன இருக்க முடியும்?

இன்னொன்று, விவசாயிகளிடம் அரசு நடந்துகொண்ட விதம். போட்ஸ்வானாவின் பழைய சொத்து மாடுகள். மாட்டிறைச்சியை ஏற்றுமதி செய்ய அங்கேயும் ஒரு அரசு வாரியம் இருந்தது. சியரா லியோன் வாரியம் மாதிரி விவசாயியைக் கசக்காமல் நல்ல விலை கொடுத்தது. அரசியல் தலைவர்களே பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் என்பதும் ஒரு காரணம். அவர்கள் போட்ட விதி அவர்களையே பாதிக்கும் என்றால், விதி ஒழுங்காகத்தானே இருக்கும்!

இது வெறும் அதிர்ஷ்டம் இல்லையா?

நியாயமான கேள்வி. இதைக் கேட்காமல் முடித்தால் இது பாடம் இல்லை, பிரச்சாரம்.

முதல் மறுப்பு நிலவியலிலிருந்து வருகிறது. சியரா லியோன் வைரத்தில் பெரும்பகுதி ஆற்றுப் படுகைகளில் பரவிக் கிடந்தது. ஒரு மண்வெட்டியும் சல்லடையும் இருந்தால் யாரும் எடுக்கலாம், எனவே காவல் போடுவது கஷ்டம். போட்ஸ்வானாவில் அது கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறைக் குழாயில் இறுகிக் கிடந்தது. பெரிய மெஷின் இல்லாமல் எடுக்க முடியாது. வேலி போட்டால் போதும், வரி வசூலும் சுலபம். இந்த வித்தியாசம் உண்மை, முக்கியமும்கூட. ஆனால் வரியை வசூலிப்பது எவ்வளவு சுலபம் என்பதை மட்டும்தான் பாறை முடிவு செய்யும். வசூலித்த பணம் பள்ளிக்கூடத்துக்குப் போகுமா, வெளிநாட்டு வங்கிக் கணக்குக்குப் போகுமா என்று பாறை சொல்லாது. பனை விதை விவசாயியை ஏமாற்றியதற்கும் ஆற்றுப் படுகைக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டாவது மறுப்பு: விதி நல்லா இருந்ததால் பணம் வந்ததா, பணம் வந்ததால் விதி நல்லா ஆச்சா? எட்வர்ட் கிளேசர் உள்ளிட்ட சில பொருளாதார அறிஞர்கள் 2004-இல் இந்தக் கேள்வியை அழுத்தமாக எழுப்பினார்கள். பல ஏழை நாடுகள் முதலில் கல்வியிலும் முதலீட்டிலும் வளர்ந்து, பிறகுதான் நல்ல விதிகளை உருவாக்கின என்பது அவர்கள் வாதம். தென் கொரியாவைப் பாருங்கள். 1945-இல் கொரியா இரண்டாகப் பிரிந்தபோது மொழியும் கலாச்சாரமும் ஒன்றுதான். கனரகத் தொழிற்சாலைகள் வடக்கில்தான் அதிகம். இன்று வித்தியாசம் உலகத்துக்கே தெரியும். விதிகளின் சக்திக்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஆனால் தெற்கில் வேகமான வளர்ச்சி தொடங்கியது பார்க் சுங் ஹீயின் ராணுவ ஆட்சியில். மக்களாட்சி 1987-க்குப் பிறகுதான் வேர் விட்டது. ஆகவே "முதலில் தேர்தல், தானாகவே வளர்ச்சி" என்று ஃபார்முலா எழுத முடியாது.

நாடுகளை வைத்து லேபில் எக்ஸ்பெரிமென்ட் பண்ண முடியாது, அதான் இந்த விவாதம் இன்னும் முடியவில்லை. போட்ஸ்வானா விஷயத்தில் வரிசை மட்டும் தெளிவாக இருக்கிறது: 1967-இல் சட்டம், 1971-இல் சுரங்கம். விதி முன்னாடி, பணம் பின்னாடி.

போட்ஸ்வானா சொர்க்கம் இல்ல

அங்கே ஏற்றத்தாழ்வு உலக அளவிலேயே மிக அதிகம். இளைஞர்களிடையே வேலையின்மை பெரிய பிரச்சினை. ஹெச்.ஐ.வி. பாதிப்பில் உலகின் மோசமான நாடுகளில் ஒன்றாக இருந்தது. கலஹாரியின் பூர்வகுடிகளான சான் மக்களை அரசு அவர்கள் நிலத்திலிருந்து வெளியேற்றியது. 2006-இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அது தவறு என்று தீர்ப்பளித்தது. பொருளாதாரம் இன்னும் வைரத்தையே பெரிதும் நம்பியிருக்கிறது, செயற்கை வைரம் வந்த பிறகு அந்த வருமானமும் ஆட்டம் காண்கிறது. ஒரு நல்ல விதி எல்லா நோய்க்கும் மருந்து இல்லை.

ஆனால் 2024-இல் நடந்ததைக் கவனியுங்கள். விடுதலையிலிருந்து 58 வருஷம் ஆண்ட அதே கட்சி தேர்தலில் படுதோல்வி அடைந்தது. அதற்குக் கிடைத்தது வெறும் 4 இடம். குடியரசுத் தலைவர் மாசிசி தோல்வியை ஒப்புக்கொண்டார், டூமா போகோ பதவியேற்றார். ராணுவம் தெருவுக்கு வரவில்லை. பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரத்திலும் விதி நின்றது.

சரி, ஸ்ட்ராங் தலைவர்?

இப்போ ஓரமா வைத்த அந்த ஐந்தாவது பதிலுக்கு வருவோம். சியாகா ஸ்டீவன்ஸ் ஸ்ட்ராங் தலைவர்தான். நினைத்ததைச் செய்தார், தடுக்க யாருமில்லை. செரெட்சே காமாவும் ஸ்ட்ராங் தலைவர்தான். ஆனால் தன் பலத்தை, தனக்கும் தன் ஆட்களுக்கும் லாபம் தரக்கூடிய ஒரு விதியை உடைக்கப் பயன்படுத்தினார். காமா 1980-இல் பதவியில் இருக்கும்போதே இறந்தார். துணைத் தலைவர் மசீரே பொறுப்பேற்றார், நாடு வழக்கம்போல நடந்தது. நல்ல தலைவரின் உண்மையான மார்க் ஷீட் அவர் போன பிறகுதான் வரும்.

தமிழில் "விதி" என்றால் ரூல், "விதி" என்றால் தலையெழுத்தும்தான். பெரும்பாலான நாடுகளில் ரூல்தான் தலையெழுத்தாகிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று: ரூலை மனிதர்கள் எழுதுகிறார்கள், அதனால் மனிதர்களால் திருத்தவும் முடியும்.

நம்மில் பலர் முதல் ஓட்டைப் போட்டாச்சு, இன்னும் சில மாதத்தில் வேலைக்கும் போகப் போகிறோம். சிலர் சொந்தமாகத் தொழில் தொடங்குவோம். இனி ஒரு சட்டமோ திட்டமோ செய்தியில் வரும்போது, "இதைக் கொண்டு வந்தவர் நல்லவரா கெட்டவரா" என்பதோடு நிறுத்தாமல் மூணு கேள்வி கேட்டுப் பழகலாம். இந்த விதி, போட்டவரையும் கட்டுப்படுத்துமா? புதுசா வருகிற, சிபாரிசு இல்லாத ஒருத்தருக்கு இதில் இடம் இருக்கா? நமக்குப் பிடிக்காத ஆள் நாளைக்கு இதே அதிகாரத்தில் உட்கார்ந்தால், அப்பவும் இந்த விதியை நாம ஏற்றுக்கொள்வோமா?

மூணாவது கேள்விக்கு "மாட்டோம்" என்று பதில் வந்தால், அந்த விதியை இன்றைக்கே எதிர்ப்பது நல்லது. தண்டவாளத்தைப் பெயர்த்த பிறகு பேசிப் பிரயோஜனம் இல்லை.